லக்காபுரம் வழி

சிம்மை மாற்றிவிட்டுப் போனான் கம்பெனிப் பையன்.
பைக்கை உதைத்தபடி சொன்னான்:
"செட்டிங் தானா வந்துரும்ங்க."
வரவில்லை.

பில் போடும் மெஷின் என் கையில்
அரைச் செங்கல் போலக் கனத்தது.
மேல்மூலையில் நான்கு கோடு, நான்கும் நிறைந்து.
பக்கத்தில் குட்டியாக ஒரு பெருக்கல் குறி.
டவர் இருக்கிறது, வழி இல்லை.

முருங்கத்தொழுவு ரேஷன் கடை, காலை பத்தேகால்.
வரிசையில் பைகள் நின்றன,
ஆட்கள் வேம்படியில்.
"ஏனுங், இன்னைக்காச்சும் உண்டுங்களா?"
"சித்தெ இருங்."
நேற்றும் இதையேதான் சொன்னேன்.

உதவி எண்ணில் பதினெட்டு நிமிடம் வீணை வாசித்தார்கள்.
பிறகு ஒரு குரல், ஏழுமலை என்று.
அமைப்புகள் போங்க மேடம். மொபைல் நெட்வொர்க்.
அணுகல் முனை. கூட்டல் குறியை அழுத்துங்க.
பெயர்னு கேக்குதா, எதுனா போடுங்க,
அது மெஷினுக்கு இல்ல, உங்களுக்கு.
கடை என்று போட்டேன்.

அடுத்த கட்டம்தான் உயிர்.
பி என்றார், டி என்று கேட்டது.
எஸ் என்றார், எஃப் ஆக வந்து விழுந்தது.
தெற்கே தறிக் குடோனில்
போர்வை ஓடிக்கொண்டிருந்தது, நாற்பது தறியிலும்.
"ஊர் பேர் வெச்சுச் சொல்லுங்."
"உங்க பக்கத்து ஊரு தெரியாதுங்களே. நான் திண்டிவனம்."

ஸ்பீக்கரில் போட்டேன்.

பி.
"பவானிங்களா?"
"பவானிதான்" என்றார், போய் வந்தவர் போல.
எஸ். சிவகிரி என்றாள் ராமாத்தாள்,
எண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டு.
என். நம்பியூர். அதுவும் அவளே, மகளைக் கொடுத்த ஊர்.
எல்.

எல்லுக்கு ஊர் இல்லை.
வேம்படியே யோசித்தது.
லகரத்தில் தொடங்கி
எவன் ஊருக்குப் பேர் வைப்பான்?
கொளந்தசாமி திடீரென்று கத்தினார்,
மஞ்சள் மூட்டைக்கு ஏலம் கேட்பவர் போல:
"லக்காபுரம்!"
திண்டிவனத்தில் ஏழுமலை சிரித்தது
தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

மறுபடி நம்பியூர். எழுமாத்தூர்.
கடைசியாக ஒரு டி.
தாராபுரம் என்றார்கள் இரண்டு மூன்று பேர்.
தாராபுரம் போட்டேன்.

எல்லாம் சின்ன எழுத்து. நடுவுல இடைவெளி விடாதீங்க.
பயனர் பெயர் காலி.
கடவுச்சொல் காலி.
அங்கீகார வகை: எதுவுமில்லை.

ஒரு ஆளுக்கு அரிசி அளக்க
கார்டு கேட்கிறோம், கட்டைவிரல் கேட்கிறோம்,
விரல் தேய்ந்திருந்தால் கண்ணைக் கேட்கிறோம்.
இந்தப் பெட்டியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஊரைச் சரியாகச் சொன்னால் போதுமாம்.

சேமித்தேன். அணைத்துப் போட்டேன். பெருக்கல்.
இன்னொரு முறை. பெருக்கல்.
"டிக்கெட் போட்டிருக்கு மேடம், நாளைக்கு ஆள் வரும்"
என்று வைத்துவிட்டார் ஏழுமலை.
பைகளை எடுக்கத் தொடங்கினார்கள்.

தறிக்கு வந்த ஒடிசாப் பையன் பிஸ்வஜித்
கவுண்ட்டர் மேல் எட்டிப் பார்த்தான்.
வந்த இரண்டு வருடத்தில் ஐந்து சிம் மாற்றியவன்.
"அக்கா, கடைசி டி தப்பு. இது வேற.
குடிக்கிற டீ."

நமக்கு எழுத்தில் ஒரே ட.
அவனுக்கு இரண்டுக்கும் வேறு வேறு.
தாராபுரத்தை அழித்தேன்.
திருப்பூரைப் போட்டேன்.

பெருக்கல் குறி போன இடம் தெரியவில்லை.
ராமாத்தாளின் விரலை மூன்று தரம் மறுத்து,
சேலையில் துடைத்து வைத்ததும்
நான்காவதில் ஏற்றது மெஷின்.
பிஸ்வஜித் ஒன்பதாவது ஆள்.
முன்னே வா என்று யாரும் சொல்லவில்லை,
எனக்கும் தோன்றவில்லை.
அவன் முறை வந்தபோது மணி ஒன்றரை.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார்.
இருப்புப் பலகையில்
அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில்,
அதற்குக் கீழே சாக்பீஸில்:
பவானி சிவகிரி நம்பியூர் லக்காபுரம்
நம்பியூர் எழுமாத்தூர் திருப்பூர்.
"இது எந்த பஸ்ஸும்மா, நம்பியூருக்கு ரெண்டு தடவை போகுது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
"சார், டீ சாப்புடறீங்களா?" என்றேன்.